டீ குடிக்கப் பெட்டியோடு

ஒரு வேளை டீ வாங்கிக் கொடுக்க என் தம்பி ஊரிலேயே பெரிய ஹோட்டலாகப் பார்த்துப் பிடித்திருந்தான். "அக்கா, அப்பாவக் கூட்டிட்டு வா, புது வீட்டப் பத்திப் பேசணும்" என்று போனில் சொன்னான். அவ்வளவுதான், அப்பா பெட்டியைக் கட்டிவிட்டார்.

"டீ குடிக்க எதுக்குப்பா பெட்டி?"

"வீட்டோட வந்து இருங்கன்னு சொல்லத்தானே கூப்பிடறான்? வெறுங்கையோட போனா மறுபடி ஒரு நடை வரணும். எத்தனை நாளைக்கும்மா மாப்பிள்ளை வீட்டுல உக்காந்து சாப்பிடறது?"

அம்மா போனதிலிருந்து அப்பா என்னோடுதான் இருக்கிறார். என் வீட்டுக்காரர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் அப்பாவுக்கு அது மாப்பிள்ளை வீடு. ஃபேன் போடுவதானால்கூட, "போட்டுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஹோட்டல் வாசலில் கோட்டுப் போட்ட ஆள், தங்க வந்தவர் என்று நினைத்து, பெட்டியை மரியாதையாக வாங்கிக்கொண்டான். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

உள்ளே தம்பியும் அவன் பெண்டாட்டியும் உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் ஒருவர் தூங்கி வழிந்துகொண்டே பியானோ வாசித்தார். மேசை நடுவில் மூன்று அடுக்குத் தட்டு. கீழ்த்தட்டில் ஓரம் வெட்டிய ரொட்டி, இரண்டு விரல் அகலம். உள்ளே வெள்ளரிக்காய் இருக்கிறதாம். தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். இந்த லட்சணத்துக்கு, "இங்க இடம் கிடைக்கறதே குதிரைக்கொம்பு அக்கா" என்று தம்பி பீற்றிக்கொண்டான்.

அப்பா ஆசையாக மேல்தட்டுக் கேக்கில் கை வைத்தார்.

"ஐயோ மாமா, கீழ இருந்துதான் ஆரம்பிக்கணும். கேக் கடைசிலதான்" என்றாள் தம்பி பெண்டாட்டி.

அப்பா கையை இழுத்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் இவள் டீயைச் சாஸரில் ஊற்றி உறிஞ்சிக் குடித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்றைக்குச் சுண்டு விரலைத் தூக்கிக்கொண்டு எங்களுக்குப் பாடம் எடுக்கிறாள்.

"வீடு எப்படிப்பா, பெருசா?" என்று அப்பா ஆரம்பித்தார்.

"நாலு ரூம்ப்பா."

"அடேயப்பா! உங்களுக்கு ஒண்ணு, பிள்ளைங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு. இன்னொண்ணு?"

தம்பி அவளைப் பார்த்தான். வாயைத் திறக்கக்கூட அவள் அனுமதி வேண்டும் இந்த வீரனுக்கு.

"அதுல ஓடற மெஷின் வாங்கிப் போட்டுட்டோம் மாமா. உடம்பப் பாத்துக்கணும்ல?"

"அதக் கொஞ்சம் ஓரமாத் தள்ளி வச்சா, ஒரு கட்டில் போடலாமேம்மா?"

"நகத்தவே முடியாது மாமா, அவ்வளவு வெயிட்டு. நீங்க பாட்டுக்கு எதிர்பாத்துட்டு இருக்கக் கூடாதேன்னுதான் நேர்ல கூப்பிட்டுச் சொல்றோம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்குக் கூப்பிட்டால் கிழவர் உட்கார்ந்துவிடுவார். ஹோட்டல் என்றால் டீ முடிந்ததும் எழுந்துதானே ஆகவேண்டும்? அதற்குத்தான் இந்தப் பியானோவும் அடுக்குத் தட்டும். நின்ற இடத்திலேயே ஓடுகிற சனியனுக்கு ஓர் அறை, பெற்ற அப்பனுக்கு ஒரு கோப்பை டீ. தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பு!

அந்த நேரம் பார்த்து ஹோட்டல்காரர் ஒருவர் வந்து குனிந்தார். "சார், உங்க பெட்டிய எந்த ரூம்ல வைக்கணும்?"

"பெட்டியா? எதுக்குப் பெட்டி?" என்றான் தம்பி.

அப்பா மடியில் விரித்திருந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"என் பெட்டிதான்டா. உன் வீட்டுல ஒரு மாசம் இருந்துட்டுப் போலாம்னு கிளம்பி வந்தேன். ரூம் இல்லேன்னா என்ன, மெஷின் மேலயே படுத்துக்கறேன்."

தம்பி பெண்டாட்டிக்கு வாயில் இருந்த ரொட்டி இறங்கவில்லை. "அண்ணி, அது... பிள்ளைங்களுக்குப் பரீட்சை வேற..."

"விடும்மா" என்றார் அப்பா என்னிடம். ஹோட்டல்காரரிடம் திரும்பி, "பெட்டி என்னுதுதாங்க. வாசல்லயே இருக்கட்டும். நாங்க கிளம்பறோம்."

மேல்தட்டிலிருந்து பெரிய கேக்காகப் பார்த்து எடுத்தார். நிதானமாகத் தின்றார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தம்பி, "அப்பா, அப்பா" என்று பின்னாலேயே வந்தான். அவர் திரும்பவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். யாரையும் கேட்காமல் ஃபேனைப் போட்டார்.

"குடிக்கற மாதிரி ஒரு டீ போடும்மா" என்றார்.