குன்றின்மேல் கேட்ட கேள்வி

மேலைக் கடலின் விளிம்பில் செங்கதிரோன் உருக்கிய செம்பென ஒழுகிக்கொண்டிருந்த மாலை வேளையில், பைவாய்க் கூழைக்கடாப் பறவைகள் வரிசை பிறழாது அலைமுகட்டை உரசிப் பறக்க, கள்ளியும் கருங்கல்லும் போர்த்திய புந்தா மெல்காக் குன்று, தன் அடிவாரத்து மீனவச் சிற்றூரைக் குனிந்து நோக்கியவாறு நின்றது. அழகுதான், ஆயின், அன்பரே, அக்காட்சியைக் கண்ணால் மட்டும் பருகுக. மூச்சை இழுத்துவிடாதீர்! வடசரிவுப் பள்ளத்தில் மூன்று திங்களாகக் கொட்டப்பட்ட மீன்குடலும் செவுளும் வெயிலில் வெந்து, புழுத்து, நெளிந்து, பச்சைநீராய்க் கசிந்து, ஊராரின் உணவிலும் உறக்கத்திலும் நாறிக்கொண்டிருந்தன.

கொட்டியவன் பெர்னபே, மூன்று படகுகளுக்கு உரியவன். அவனே அன்று, படிய வாரிய தலையும் முழங்கால் தொட்ட உயர்காலணியும் விளங்க, ஒதீலியாவுடன் மெல்ல நடந்து மேலேறினான். தந்தையற்ற பெண்ணை மணம் கேட்பவன், அவள் வீட்டில் இறந்தவரின் கல்லின்முன் நின்று கேட்பதே அவ்வூர் முறை. அவளுக்கு இருந்த ஒரே உறவான அண்ணன் எலாதியோ, பெர்னபேயின் படகில் சென்று, பாறையில் சிக்கிய வலையை விடுவிக்க உடை களைந்து குதித்தவன், மீளவேயில்லை, ஈராண்டாயிற்று. உடல் கிடைக்காதவர்க்கு, அவர்கள் விட்டுச்சென்ற உடைகளைப் படகின் தலைவன் தன் கையால் மூட்டையாய் முடிச்சிட்டுத் தர, வீட்டார் அவிழ்த்துப் பாராமல் குன்றில் புதைத்துக் கல் நாட்டுவர். அவிழ்த்தால் இறந்தவன் மறுபடியும் நனைவான் என்பது அவர்தம் நம்பிக்கை. பெர்னபே அன்று அழுதுகொண்டே முடிச்சிட்டான். அந்தக் கண்ணீரே ஒதீலியாவின் நெஞ்சை அவன்பால் பாதி சாய்த்திருந்தது.

எதிரே, சிப்பிக் கூடையுடன் இறங்கிவந்த தொமித்தீலா மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அடியே ஒதீலியா! மூக்கைப் பொத்திக்கிட்டுக் கல்யாணம் பேசப் போற மொத ஜோடி நீங்கதாண்டி! மாப்பிள்ளே, சம்மதம் கேக்குறப்போ வாயைத் தொறந்துடாதீங்க, ஈ பூந்துடும்!"

"போம்மா, உன் சிப்பி மட்டும் மணக்குதாக்கும்!" என்று பெர்னபே அவளைக் கடந்தான். சில அடி சென்றதும் நின்றான்.

"இங்கயே கேட்டுடுறேனே, ஒதீலியா. மேல போனா நாத்தம் கொடலைப் புடுங்கும்."

"நீங்க கொட்டின நாத்தந்தானே? அண்ணன் முன்னாடிதான் கேக்கணும். வாங்க."

அவள் முன்னே நடந்தாள். பின்தொடர்ந்தவனின் கால், பாதையில் வழிந்திருந்த கழிவில் வழுக்கிற்று. பள்ளத்து விளிம்பில் முழங்கால்வரை புதைந்து, ஈக்கூட்டம் கருமுகிலென எழும்ப, திணறி எழுந்தான். காலணிக்குள் அழுகல் நீர் நிறைந்து, ஒவ்வோர் அடிக்கும் 'சளக், சளக்' என்றது.

"ஐயய்யே! கழட்டிக் கொட்டுங்க. புழு உள்ள போயிருக்கும்."

"இருக்கட்டும், இருக்கட்டும்."

"எப்படி இருக்கும்? எனக்கே கொமட்டுது!"

"இருக்கட்டும்னு சொல்றேன்ல!"

அவன் குரலின் கடுமை அவளைத் திகைக்க வைத்தது. புழு நெளியும் காலணியை ஏன் ஒருவன் கழற்ற மறுக்க வேண்டும்?

உச்சியை அடைந்ததும் விடையின் முதற்பாதி கிடந்தது. குடல்நாற்றம் ஈர்த்த நாய்கள் எலாதியோவின் கல்லைப் புரட்டி மண்ணைக் கிளறியிருந்தன. முடிச்சு அப்படியே இறுகியிருக்க, மூட்டை பக்கவாட்டில் கிழிந்து, வயிற்றைத் திறந்து காட்டிற்று. உள்ளே சட்டை இல்லை, தொப்பி இல்லை. அழுகிய சாக்கும், அறுந்த வலையும், பெர்னபேயின் கொட்டகையில் தரை துடைத்த கந்தலும் இருந்தன. ஈராண்டாய் அவள் மலர் வைத்தது இவற்றுக்கு.

"நாய்ங்க... நாய்ங்கதான் மாத்திப் போட்டிருக்கும்," என்றான் பெர்னபே.

ஒதீலியா திரும்பவில்லை.

"பூட்ஸைக் கழட்டு."

அதுவரை 'நீங்க' என்றவளின் வாயிலிருந்து வந்த அச்சொல், கரைப்பாறையில் படகு மோதியதுபோல் ஒலித்தது. அவன் அமர்ந்தான், இழுத்தான். பச்சைநீர் கொட்டி வடிந்தபின், உட்புறத்தில் ஆட்டுத்தோல் தெரிந்தது. குளிரில் விறைக்கும் அண்ணனின் விரல்களுக்காக அவள் சிவப்பு நூலால் தைத்துக் கொடுத்த தோல். வரிவரியாய் அவள் தையல்.

"நல்ல பூட்ஸு, ஒதீலியா. மண்ணுல போட்டு மக்க வைக்கவா? கடலுக்குள்ள போனவனுக்கு இனிமே எதுக்கு?"

"சட்டையும் தொப்பியும்?"

"ஒருத்தன் கேட்டான்... குடுத்துட்டேன்."

"அழுதுக்கிட்டே கட்டினியே?"

பள்ளத்து நாற்றத்தைப் பொறுத்த அவள் வயிறு இதைப் பொறுக்கவில்லை. குன்றோரம் குனிந்து கக்கினாள். முடிச்சிட்ட அந்தக் கை தன் கையைப் பற்றியிருக்கக்கூடும் என்ற நினைவே மறுபடியும் கக்க வைத்தது. பின், வாயைத் துடைத்து நிமிர்ந்தாள்.

"இன்னொண்ணையும் கழட்டு. கேள்வி கேக்கத்தானே வந்தே? அண்ணன் பதில் சொல்லிட்டான். கெளம்பு."

வேறு வழியின்றி, தான் கொட்டிய குடலையும் முள்ளையும் வெறுங்காலால் மிதித்து, வழுக்கியும் எழுந்தும், ஊரார் காண அவன் இறங்கினான். அவளோ காலணிகளைக் கடலில் கழுவி, இருள் சூழுமுன் மீண்டும் ஏறி, சாக்கையும் கந்தலையும் பள்ளத்தில் வீசிவிட்டு, செந்நூல் தையல் மேல்நோக்க அந்தக் காலணிகளையே புதைத்து, கல்லை நிறுத்தினாள்.

மழை வந்தது, பள்ளத்தின் நாற்றம் கடலோடு கரைந்தது. பெர்னபேயின் படகுகள் இன்றும் கடலுக்குச் செல்கின்றன. ஆயினும், அன்பரே, அவ்வூரில் எவனேனும் இறந்தவனுக்காகக் கண்ணீர் சிந்தி மூட்டை முடிச்சிடும்போது, ஊரார் இப்போது அவன் கண்களைப் பார்ப்பதில்லை. மெல்லக் குனிந்து அவன் கால்களையே பார்க்கிறார்கள்.