அட்டை கிழித்த நோட்டு

1

இந்தக் கதை ஒரு தப்பிலிருந்து தொடங்குகிறது. தப்பு என்னுடையது.

காகித ஆலையில் கழிவுத்தாள் பிரிக்கிறவன் நான். நோட்டு வந்தால் முதல் வேலை அட்டையைக் கிழிப்பது. அட்டைக்கு ஒரு தொட்டி, தாளுக்கு ஒரு தொட்டி. கை தானாகச் செய்யும். அன்றும் செய்தது. அட்டை கூழுக்குப் போன பிறகுதான் உள்ளே கையெழுத்தைப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு வயதில் எழுத்துப் படித்தவன். எழுத்தைக் கண்டால் நின்றுவிடுகிற வியாதி உண்டு.

(எழுதியவர் பெயர் அட்டையில்தான் இருந்திருக்கும். உள்ளே எங்கும் இல்லை. பிறகு நான் ஒளித்ததாகச் சொல்லாதீர்கள்.)

2

"போர் மேகங்கள் சூழ்ந்த அந்தக் காலையில்..."

இப்படித்தான் எழுதத் தொடங்கினேன். அந்த வரியை அடித்துவிட்டேன். மேகம் எதையும் நான் பார்க்கவில்லை. எங்கள் ஆட்களின் கதவுகளில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கோடு போட்ட வீட்டு ஆண்களை லாரியில் ஏற்றினார்கள். பிறகு, யாரையும் ஏற்றவில்லை, அவர்களாகப் போனார்கள் என்று அரசு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார்கள்.

எனக்கு எதிரே உட்கார்ந்து தாள் பிரிக்கும் தங்கச்சியிடமும் அப்படி ஒரு காகிதம் இருக்கிறது. சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்த அவள் புருஷன் 'தானாக ஊரைவிட்டுச் சென்றார்.' பதினாலு வருஷமாக மாமியார் வீட்டில் அவளுக்கு ஒரே பேச்சு: "நீ விரட்டிவிட்டவதானே."

3

சாப்பாட்டு நேரத்தில் நோட்டைப் பிரித்தேன்.

"என்னண்ணே, உதடு மட்டும் அசையுது? மந்திரமா?"

"எழுத்துக் கூட்டறேன்."

"கூட்டி முடிக்கறதுக்குள்ள எனக்குப் பல்லு கொட்டிரும். சத்தமாப் படிங்க."

படித்தேன்.

'செவ்வாய். தண்ணீர் வரவில்லை. எதிரே பச்சைக் கதவுக் கடையிலிருந்து சைக்கிள்காரரைப் பிடித்துப் போனார்கள். கை முழுக்க கிரீஸ், கழுவவும் விடவில்லை. மணிக்கட்டில் எப்போதும் சுற்றியிருக்கும் டியூப் துண்டு இன்றும் இருந்தது. லாரியில் ஏறும்போது என் ஜன்னலைப் பார்த்து, வீட்ல சொல்லிடுங்க என்றார். நான் திரைக்குப் பின்னால் நின்றேன். போய்ச் சொல்லவில்லை. பயம். எழுதியாவது வைக்கிறேன்.'

(இந்த இடத்தில் அவள் கதறியதாக எழுதியிருந்தேன். பொய். கையிலிருந்த ஏதோ ஒரு நோட்டின் அட்டையை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள்.)

"அந்த டியூபு... குளிக்கும்போதுகூடக் கழட்ட மாட்டாரு. இன்னொரு தடவை படிங்கண்ணே."

நாலு தடவை படித்தேன். நாலாவது தடவை எழுத்துக் கூட்டாமலே வந்தது.

"அந்த ஜன்னல்ல நின்ன ஆளைத் திட்டணும்போல இருக்கு."

"திட்டேன்."

"எப்படித் திட்ட? அவ்வளவு பயத்துலயும் எழுதி வெச்சிருக்காங்களே."

4

ஆலையிலிருந்து தாளை வெளியே கொண்டுபோனால் வேலை போகும். வாசலில் மேற்பார்வையாளர் பையைத் திறந்து நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தைக் கொஞ்ச நேரம் படித்தார்.

"அட்டை இல்லாததெல்லாம் ஒரு நோட்டா? போங்க போங்க."

(அவரைக் கெட்டவராகத்தான் வைத்திருந்தேன். அவர் ஒத்துழைக்கவில்லை.)

'தானாகச் சென்றார்' என்ற காகிதத்தை மாற்றித் தரச் சொல்லி அரசு அலுவலகத்துக்குப் போனோம். கிளார்க் சொன்னார்: "எழுதினவங்க பேர் வேணும்மா. பேர் இல்லாட்டி இது வெறும் தாள்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தங்கச்சி குனியவில்லை.

"வெறும் தாள் எதுன்னு எங்களுக்குத் தெரியும் சார். தினம் அதைத்தான் பிரிக்கறோம். இது அது இல்ல."

கிளார்க் அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தின் மேலிருந்த தேதியை மட்டும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். பேர் கிடைத்தால் வரச் சொன்னார்.

5

முடிவு ஒன்று: அட்டை கிடைத்துவிடுகிறது. இல்லை. கூழிலிருந்து எதுவும் திரும்பி வந்ததில்லை.

முடிவு இரண்டு: ஒரு மாலை, வாசலில் சைக்கிள் மணிச் சத்தம், அவள் கதவைத் திற...

இதை எழுத அவள் விடவில்லை. "வேணாம்ணே. அதை நான் மனசுக்குள்ள எழுதிக்கறேன்."

ஆகவே முடிவை உங்களிடம் தருகிறேன். எல்லாரிடமும் இல்லை, ஒருவரிடம். பச்சைக் கதவுக் கடைக்கு எதிர் ஜன்னலில் திரைக்குப் பின்னால் நின்றவரே, நீங்கள் சொல்லாமல் விட்டது போய்ச் சேர்ந்துவிட்டது. மாமியார் வீட்டிலும் சத்தமாகப் படித்துக் காட்டினோம். அந்தப் பழைய பேச்சை அங்கே இப்போது யாரும் எடுப்பதில்லை. அலுவலகம்தான் பாக்கி.

நோட்டுக்குப் புது அட்டை தைத்திருக்கிறேன். பெயர் எழுதும் இடத்தில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஆலை வாசலில் கேட்டால் எங்கள் இருவரையும் காட்டுவார்கள். பேனா தங்கச்சியின் பையில் இருக்கிறது.