போவாத

நான் கைபேசி வரைபடத்தில் ஏற்றிய மலைப்பாதை நாளுக்கு நாள் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஆட்கள் நடக்க நடக்கத் தேய்ந்தது. முதலில் கணுக்கால் ஆழம், பிறகு இடுப்பளவு. இப்போது நடப்பவர்களின் தொப்பிகூட வெளியே தெரிவதில்லை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பாதையின் பெயர் போவாத. முதல் தடவை போனபோது அங்கே ஆடு மேய்த்தவரிடம் பெயர் கேட்டேன். "போவாத" என்றார். அப்படியே எழுதிப் போட்டேன். பெயரில் ஒரு கம்பீரம் இருப்பதாகப் பலரும் பாராட்டினார்கள். 'நான் போவாத போறேன்' என்று பனியனில் அச்சடித்துக்கொண்டு வேன் வேனாக வந்தார்கள். ஐந்து நட்சத்திரத்தை முன்கூட்டியே போட்டுவிட்டு இறங்கினார்கள்.

ஆபத்து என்று சிவப்பில் ஒரு குறி வைத்தேன். கூட்டம் இரட்டிப்பானது.

இன்று காலை என் தங்கை வேணியும் போய்விட்டாள். "அண்ணன் போட்ட பாதைதானே, என்ன பயம்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். கேட்டதும் பாதைக்கு ஓடினேன்.

பாதையின் விளிம்பில் வனக் காவலர் மாதையன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"யாராச்சும் திரும்பி வந்தாங்களா?"

"திரும்பணும்னா நிக்கணும் சார். பின்னாடி ஆள் நெருக்குதே."

குனிந்து கத்தினேன். "வேணி!"

"இங்கதான் இருக்கேண்ணா." குரல் வெகு கீழேயிருந்து வந்தது. நிதானமாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"திரும்பி வா!"

"முடியாதுண்ணா. எல்லாரும் நல்லாத்தான் போயிட்டிருக்காங்க."

புதிதாக ஒரு வேன் வந்து நின்றது. பனியன்கள் இறங்கின.

"அழிச்சிடுங்க சார்" என்றார் மாதையன். "கூட்டம் நின்னா உங்க தங்கச்சி திரும்பிடும்."

நியாயமாகத்தான் பட்டது. கைபேசியை எடுத்து வரைபடத்தில் அந்தப் பாதையின் கோட்டை அழித்தேன். உறுதியா என்று கேட்டது. ஆம் என்றேன்.

வேனில் வந்தவர்கள் தங்கள் கைபேசிகளைப் பார்த்தார்கள். எதற்கு வந்தோம் என்பதுபோல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வண்டியில் ஏறினார்கள்.

நான் திரும்பினேன். சரிவு முழுக்கப் புல். பள்ளம் இல்லை. மிதிபட்ட தடம்கூட இல்லை. மாதையன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாதை இருந்த இடத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்தார். நாற்காலி ஆடவில்லை.

"இனி பத்திரம் சார்" என்றார். "ஒருத்தரும் விழ மாட்டாங்க."

மண்டியிட்டுத் தரையில் காதை வைத்தேன். உள்ளே நிறையக் காலடிகள். கொஞ்ச நேரத்தில் அவை ஒவ்வொன்றாக நின்றன.

"அண்ணா" என்றாள் வேணி. "போன்ல பாதையக் காணோம். எல்லாரும் என்னையக் கேக்கறாங்க. எந்தப் பக்கம்ணா?"

எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் காத்திருந்தாள்.

"நேராப் போம்மா" என்றேன்.