நான்கு மாதமும் பத்து நாளும்

ஹமீமாவின் வீட்டுக் கேட்டைத் திறந்தபோது என் கையில் அளவு டேப்பும் இருந்தது. அதற்குத் தேவையே இல்லை. அளக்க வேண்டியதையெல்லாம் வரைபடத்தில் அளந்துவிட்டுத்தான் வந்திருந்தேன். விண்ணப்பக் கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போய் அந்தச் செய்தியைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

நான் பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். கட்டிட விண்ணப்பங்களைப் பார்த்து, இடத்தை அளந்து, திட்டமிடல் குழுவுக்குச் சிபாரிசு எழுதுகிறவன். ஆறு மாதத்துக்கு முன் ஹமீமாவின் கணவர் ஜமால்தீன், வீட்டு முன்பக்கம் ஓர் அறை கட்ட விண்ணப்பித்தார். மகள் நப்லாவுக்கு நிக்காஹ் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வந்து இருக்கத் தனி அறை வேண்டும் என்பது பேச்சு. பின்னால் மண்மேடு, கட்ட முடியாது. நான் அளக்கப் போவதற்கு முன்னமே மனிதர் நான்கு மூலைக்கும் முளை அடித்து நீலக் கயிறு கட்டி வைத்திருந்தார். "பாருங்க சேர், ரோட்டுக் கோட்டுக்கு உள்ளுக்குத்தான்" என்றார். சரியாகத்தான் இருந்தது. குழுக் கூட்டத்துக்கு எட்டு நாள் இருக்கையில், தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றிப் போன இடத்தில் நெஞ்சு வலித்து, அங்கேயே போய்விட்டார்.

விண்ணப்பத்தை ஹமீமாவின் பெயருக்கு மாற்ற ஒரு கையெழுத்துப் போதும். ஆனால் கணவனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பார், வெளியே வரமாட்டார் என்பது எனக்குத் தெரியும். இரத்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில், வேறு மதத்தில் பிறந்த எனக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறதே என்று என்மேலேயே ஒரு பெருமை வேறு. அந்த நேரத்தில் ஆபீஸ் பேப்பரோடு போய் வாசலில் நிற்பது மரியாதையா? இத்தா முடியட்டும் என்று கோப்பை என் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பக்கத்து மேசையில் பஸீர் இருந்தார். அவரிடம்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இத்தாவின் மூன்றாம் மாதம், ரோட்டை அகலமாக்க, கட்டிடம் எதுவும் தாண்டக் கூடாத புதிய வீதிக்கோடு அமுலுக்கு வந்தது. ஏற்கெனவே அனுமதி பெற்றவர்களுக்குப் பழைய கோடு. மற்றவர்கள் ஏழடி பின்னால் போக வேண்டும். ஜமால்தீனின் அறையே பத்தடிதான். போன கூட்டத்தில் குழுவிடம் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். தவிசாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இவ்வளவு நாளும் கோப்பு எங்கே இருந்தது? புதிய கோடுதான் என்று முடிவாகிவிட்டது.

ஹமீமா முற்றத்துக்கு வந்து எனக்கு ஒரு நாற்காலி போட்டார். "நேத்தோட முடிஞ்சிச்சி சேர். இப்பதான் வெளியில வாறேன்" என்றார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். பழைய கோட்டில் இனி அறை கட்ட முடியாது என்பதைச் சொல்லி முடித்தேன்.

"ஃபைல் எங்க சேர் இருந்திச்சி?"

"என்கிட்டதாங்க இருந்துச்சு. நீங்க இத்தாவுல இருக்கீங்களே, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு..."

அவர் முற்றத்தில் இன்னும் கட்டியபடியே இருந்த நீலக் கயிற்றைப் பார்த்தார்.

"ஒரு கையெழுத்துத்தானே சேர். பேப்பர மகள்ட குடுத்திருந்தா உள்ளுக்கு இருந்தே போட்டிருப்பேனே. பேங்க் பேப்பர் எல்லாம் அப்பிடித்தானே போட்டேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோனது. நப்லா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாப்புள ஊட்டாக்கள் ரூமுக்கு இந்த மாசம் வரைக்கும் பாத்திட்டு இருக்கிறதா சொல்லி இருக்காங்க" என்றார் ஹமீமா. பிறகு, "ஒருக்கா அளந்து பாருங்க சேர்."

மாட்டேன் என்று சொல்ல என்னால் முடியவில்லை. வீட்டுச் சுவரோரம் டேப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டேப்பின் நுனியை அவர் வாங்கிக்கொண்டு நடந்தார். "அங்கயே மூணடிங்க, புதுக் கோடு அதுதான்" என்றேன். அவர் நிற்கவில்லை. கயிற்றோரமாகவே போய், ரோட்டுப் பக்கத்து முளையடியில் குந்திக்கொண்டார். மழையில் கறுத்துப்போன அந்த முளையோடு நுனியைச் சேர்த்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார்.

"பத்தடி இருக்கா சேர்?"

"இருக்குங்க" என்றேன்.

அவர் நுனியை விடவில்லை. எனக்கும் டேப்பைச் சுருட்டக் கை வரவில்லை.