சோதனை ஓடும்போது தொடாதே

எங்கள் அலுவலகத்தில் வளர்ந்த மனிதர்கள் கையைக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அதுவும் வேலைதான். பல் மருத்துவமனைகளுக்காக ஜாவா நிரல்மொழியில் ஒரு மென்பொருள் செய்கிறோம். அதைச் சோதிக்கும் நிரல் ஓடினால் ஜன்னல்கள் தானே திறக்கும், மவுஸ் அம்பு தானே நகரும், எழுத்துகள் தானே விழும். நடுவில் யாராவது மவுஸைத் தொட்டால் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அன்று வெள்ளிக்கிழமை. ஊரில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. "இன்னைக்கு எல்லா சோதனையும் பச்சை காட்டட்டும், அப்புறம் நாளைக்கு லீவு பத்திப் பேசலாம்" என்று சொல்லியிருந்தார் மேனேஜர். அந்தச் சோதனைகளை எழுதியவரும் அவரே. அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. ஓடவிட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன்.

பாதியில் அவரிடமிருந்தே ஒரு செய்தி வந்து, சாட் ஜன்னல் எல்லாவற்றுக்கும் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. 'நாளைக்கு வேலைக்கு வர முடியுமாம்மா?'

பாழாய்ப்போன நிரலுக்கு எந்த ஜன்னல் யாருடையது என்று தெரியுமா? நோயாளியின் குறை என்ற கட்டத்தில் போட வேண்டியதை அந்தச் சாட்டில் போட்டு, என்டரையும் தட்டியது. 'வாய் நாறுது.'

மவுஸைப் பிடித்து நிறுத்தலாம். நிறுத்தினால் குழந்தையைப் பார்த்த மாதிரிதான். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

'யாருக்கு?' என்று கேட்டார் மேனேஜர்.

'முன்பல் ரெண்டும் ஆடுது. பிடுங்கிடலாமா?'

'என்னம்மா, மிரட்டுறியா?'

'ஆம்.'

அவருடைய கண்ணாடி அறைக் கதவு படாரென்று திறந்தது. உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்துக்கொண்டே வந்தார். "எவ்வளவு திமிர் இருந்தா..."

"ஐயோ சார், நான் கையே வைக்கல! எல்லாம் நீங்க எழுதினதுதான்."

இருவரும் திரையைப் பார்த்தோம். இன்னும் நாலைந்து வரி அவருக்குப் போய்ச் சேர்ந்தது. லீவுக்கு ஆப்புதான் என்று அழுகையே வந்துவிட்டது. பாதி எழுத்து மென்பொருளுக்குள் போகவே இல்லை, சோதனை எப்படித் தேறும்?

முடிவு வந்தது. எல்லாம் பச்சை. பேருக்குக்கூட ஒரு சிவப்பு இல்லை.

"சார், பாதி நோயாளிங்க பதிவாகவே இல்ல. எப்படிப் பச்சை?"

எழுத்தைத் தட்டி முடித்தாயிற்றா என்று மட்டுமே மனிதர் சோதித்திருக்கிறார். தட்டியது எங்கே போனது என்று பார்க்கவே இல்லை.

மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரல் இறங்கிப் பஞ்சாகிவிட்டது.

"யார்கிட்டயும் மூச்சு விடாதம்மா. ஊருக்குப் போயிட்டு, மெதுவா செவ்வாய்க்கிழமை வா."