அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை

தங்கையின் புத்தகம் வந்த முதல் வாரம், வீட்டு முன்பக்கத்தில் பெரியவள் நடத்தும் பார்லரில் கூட்டமோ கூட்டம். முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் பாதிப் பேர்தான். மீதிப் பேர் அவள் வாயைப் பிடுங்க வந்தவர்கள்.

"ஏம்மா, உன் தங்கச்சி எழுதினதெல்லாம் நெஜமா?" என்றாள் ஒருத்தி. "நெஜமாவே இருக்கட்டும், பெத்த அப்பனை இப்படியா ஊர் சிரிக்க வைக்கிறது?" என்றாள் இன்னொருத்தி. "கப்பு வாங்கறப்ப அப்பா இனிச்சாரு, இப்பக் கசக்குதாக்கும்!" இது மூன்றாமவள். தலையைத் தொட்டியில் மல்லாத்தி ஷாம்பு போட்டுக்கொண்டே நியாயம் பேச ஒரு தைரியம் வேண்டும். பெரியவள் குழாயைக் கொஞ்சம் கூடுதல் சூட்டில் திறந்துவிட்டாள்.

சின்னவள் டென்னிஸ் சாம்பியன். அப்பாவிடமே ஆட்டம் கற்று, பெரிய பெரிய போட்டிகளில் கோப்பை தூக்கியவள். ஆட்டத்தை விட்ட கையோடு வெளிநாட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். ஒவ்வொரு மேட்ச்சுக்கும் முன்னால் குளியலறையில் வாந்தி எடுத்தது, தூக்க மாத்திரை, ஒரு முறை அந்த மாத்திரைகளை மொத்தமாக விழுங்கியது, ஒன்றையும் விடவில்லை. அப்பாவின் சுவரையும் எழுதியிருந்தாள்.

"தோற்று வந்தால் வீட்டுப் பின்பக்கம் சுவரைப் பார்த்து, ராக்கெட்டை நீட்டிப் பிடித்தபடி நிற்கவேண்டும், அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை. அப்பா மெதுவாகச் சாப்பிடுவார். அம்மா அன்றைக்கு அளவைக் குறைத்துப் பரிமாறுவாள்."

அந்த மேஜையில் பெரியவளும் இருந்தவள்தான். பாதித் தட்டிலேயே "எனக்குப் போதும்" என்று எழுந்துவிடுவாள், அதைப் பார்த்து அப்பாவும் எழுந்துவிட மாட்டாரா என்று. அவர் எழுந்ததே இல்லை. அம்மா கரண்டியில் பாதிதான் அள்ளுவாள். அவரோ இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்டு வாங்கி, விரல் விரலாக நக்கிச் சாப்பிடுவார். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். "அம்மான்னு ஒருத்தி இருந்தாளே, அவ என்ன கல்லா?" என்று கேட்ட பெண்ணைப் பெரியவள் பாதி வெட்டிய முடியோடு எழுப்பி அனுப்பினாள். மீதியை அவள் எங்கே போய் வெட்டிக்கொண்டாளோ, யாருக்குத் தெரியும்!

சின்னவள் போனில் கேட்பாள், "அக்கா, அங்க என்ன பேசிக்கறாங்க?"

"எல்லாரும் அழுதுட்டே படிக்கிறாங்கடி" என்று பெரியவள் கூசாமல் புளுகுவாள்.

"எவனாவது ஒரு அப்பன் படிச்சுட்டு நிறுத்தினாப் போதும்க்கா. இன்னொரு பொண்ணு அப்படி நிக்கக் கூடாது. அதுக்குத்தானே எழுதினேன்."

அப்பா அந்த வாரம் அறையை விட்டு வெளியே வரவில்லை. முகம் மழிக்கவில்லை. யார் கூப்பிட்டாலும் போனை எடுக்கவில்லை. பெரியவளுக்கு உள்ளூரக் குளுகுளு என்றிருந்தது. வெட்கப்படட்டும், இத்தனை வருஷத்துக்குப் பிறகாவது அந்த மனுஷனுக்குச் சுரணை வந்ததே என்று நினைத்தாள்.

அடுத்த வாரம் பேங்க் மேனேஜரம்மா வந்தாள். வழக்கமாக நரைக்குச் சாயம் பூசிக்கொள்ள வருபவள். மடியில் புத்தகம், பக்கங்களில் மஞ்சள் கோடு. அந்தச் சுவர் வரும் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "படிச்சதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்லை" என்றாள். பெரியவளுக்கு மனசு இளகிவிட்டது. ஊரில் ஒருத்திக்காவது புரிந்ததே!

"இப்படிக் கை நீட்டி நிக்க வெச்சாரே, எந்த வயசுல ஆரம்பிச்சாரு?"

"ஏழு வயசுல."

"அய்யய்யோ! எம்பொண்ணுக்கு ஒம்பது முடியப் போகுது. லேட்டாயிடுச்சோ?"

பெரியவளின் பிரஷ் அந்தரத்தில் நின்றது. சாயம் அந்தம்மாள் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது.

"என்ன கேக்கறீங்கன்னு தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?"

"எங்க வீட்ல ஓவர் செல்லம்ங்க. நீங்க உங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"அவ சாகப் பாத்தாங்க! அதுவும் இதே புக்லதான் இருக்கு. அந்தப் பக்கத்துல மஞ்சள் அடிக்கலையா நீங்க?"

"அது பின்னாடி வந்த பிரச்சினைதானே? அதுக்கெல்லாம் இப்ப நல்ல நல்ல டாக்டருங்க இருக்காங்க."

இதைச் சொன்னவள் கல்லூரிப் படிப்பு படித்தவள், நாலு பேருக்கு நல்லது கெட்டது சொல்லும் இடத்தில் இருப்பவள். பெரியவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. "முடியாது, எழுந்து போங்க" என்றாள். அந்தம்மாள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு எழுந்தாள். வெளியே போனவள் காருக்குப் போகவில்லை. பக்கவாட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு நேரே அப்பாவிடம் போனாள்.

மறுநாள் அப்பா மழமழவென்று மழித்த முகத்தோடு வந்தார். பழைய வெள்ளை ஷூவைத் தேடி எடுத்தார். அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தார். சாயங்காலம் ஆனால் வாசலில் கார் மேல் கார். ஒவ்வொரு காரிலும் ஒரு குழந்தை, ஒரு ராக்கெட், ஒரு புத்தகம்.

"உங்களுக்கு வெக்கமா இல்லையாப்பா?"

"எதுக்கு வெக்கப்படணும்? நான் செஞ்சதையெல்லாம் அவளே தன் கைப்பட எழுதிக் குடுத்திருக்கா. இதுக்கு மேல என்ன சர்டிஃபிகேட் வேணும்?"

"நாம வாடகைக்கு இருந்த இந்த வீட்டை அவதான் வாங்கிக் குடுத்தா."

"அப்ப என்னைத் தெருவுல தள்ளு. அதையும் அவ ஒரு புக்கா எழுதட்டும்." பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "சும்மா பந்து அடிக்கக் கத்துத் தரேன், அவ்வளவுதான். வேற ஒண்ணும் கிடையாது. போதுமா?"

பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டாள். மிஞ்சிப்போனால் ஒரு மாதம், இடுப்பு பிடித்துக்கொண்டால் தானாகப் படுத்துவிடுவார் என்று கணக்குப் போட்டாள். சின்னவளிடம் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குள் போட்டி வைத்தார். மதியம் கூச்சல் அடங்கி, கார்கள் கிளம்பிப் போயின. பார்லர் துண்டுகள் காய்ந்திருக்கும் என்று பெரியவள் பின்பக்கம் போனாள்.

வெள்ளையடித்த சுவர் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. அதன் முன்னால் பேங்க் அம்மாவின் மகள் நின்றாள். இரண்டு கையும் நீட்டி, கைகளில் ராக்கெட். ராக்கெட் நடுங்கிக்கொண்டிருந்தது. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க அவளுக்குக் கை இல்லை.

பெரியவள் உள்ளே ஓடினாள். மேஜையில் அப்பா, முன்னால் தட்டு. பக்கத்தில் அடுக்குக் கேரியரோடு பேங்க் அம்மா நின்றிருந்தாள். தன் வீட்டிலிருந்து சமைத்துக் கொண்டுவந்து, கரண்டி நிறைய அள்ளி அள்ளிப் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோங்க சார். அவசரமே இல்ல."

அடிப்பாவி! குறைத்துப் போட்டுக் குறைத்துப் போட்டுத் திட்டு வாங்கிய ஒருத்தியின் மேஜையில் நின்றுகொண்டா இதைச் சொல்கிறாய்?

பெரியவள் தட்டைப் பிடுங்கினாள்.

"ஏய்! நான் இன்னும் முடிக்கல" என்றார் அப்பா.

"முடிச்சாச்சு." தட்டில் இருந்ததை அப்படியே குப்பைக்கூடையில் கவிழ்த்தாள்.

"என்னங்க இது அநியாயம்!" என்று பேங்க் அம்மா பாய்ந்தாள். "அவ எம்பொண்ணு. நடுவுல பேச நீங்க யாரு?"

"இந்த மேஜையில உக்காந்து சாப்பிட்டவ. தள்ளுங்க."

வெளியே வந்து, "கையை இறக்கும்மா" என்றாள். குழந்தை இறக்கவில்லை. "பாப்பா, இறக்காதே!" என்று உள்ளேயிருந்து தாய் கத்தினாள். பெரியவள் அந்தப் பிஞ்சு முகத்துக்கு நேரே தட்டைக் காட்டினாள்.

"பாரு கண்ணு, காலி. சார் சாப்பிட்டு முடிச்சுட்டாரு."

குழந்தை தட்டை நன்றாகப் பார்த்தது. பிறகுதான் கை இறங்கியது. விரல்களைப் பெரியவள் ஒவ்வொன்றாகப் பிரித்து ராக்கெட்டை வாங்கிக்கொண்டாள். படியில் உட்காரவைத்துத் தோளைத் தேய்த்துவிட்டாள். இன்னொரு கையால் தங்கைக்குப் போன் போட்டாள்.

"நான் சொன்னதெல்லாம் பொய்டி" என்று ஆரம்பித்தவள் மூச்சு வாங்காமல் எல்லாவற்றையும் கொட்டினாள். மஞ்சள் கோடு, கார்கள், வெள்ளையடித்த சுவர், கேரியர், ஒன்றையும் மறைக்கவில்லை.

"அக்கா, அந்தப் பொண்ணு கையை இறக்கிட்டாளா?"

"இறக்கிட்டா."

உள்ளே அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. "நீங்க உக்காருங்க சார், வேற தட்டுல வெக்கறேன்." கரண்டி தட்டில் படும் சத்தம். குழந்தை அதைக் கேட்டதும் எழுந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பி, ராக்கெட்டுக்குக் கை நீட்டியது.

"திரும்ப எழுந்திரிக்கிறாடி" என்றாள் பெரியவள். "நான் பிடிச்சிருக்கேன்."

"விடாதக்கா."

பெரியவள் போனைக் கீழே போட்டுவிட்டுக் குழந்தையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.