விஜயஸ்ரீ பெயர் இருந்த ஃபைல்கள்

தச்சநல்லூர் பார்சல் ஆபீஸில் விஜயஸ்ரீயை விட்டால் கம்ப்யூட்டருக்கு ஆளில்லை. சென்னையில் வேறு வேலை கிடைத்து, வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று சொல்லியும் முதலாளி சிவசங்கரன் விடவில்லை.

"திங்கக்கிழமை அங்க சேரணும் அண்ணாச்சி."

"போயேன், ஒன்ன யாரு புடிச்சு வச்சிருக்கா? நீ போனா மிஷின்லா நிக்கி!"

பொய்யில்லை. அவளுடைய லாகினைப் பூட்டிப் பார்த்த அன்று எந்தக் கிளையிலும் பில் அடிக்கவில்லை. ஆரம்பத்தில் அவசரத்துக்கு, ஒவ்வொரு கிளைக்கும் அமைப்பைச் சொல்லும் கான்ஃபிக் ஃபைலிலும் தன் பெயரையே போட்டிருந்தாள். அந்தப் பெயரின் லாகின் திறந்திருந்தால்தான் மிஷின் கிளைக்கு வழிவிடும். எங்கெங்கே போட்டோம் என்பது அவளுக்கே மறந்துவிட்டது.

தேட ஸ்கிரிப்ட் என்ற சின்ன புரோகிராம் ஒன்று எழுதினாள். ஃபைல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்டார் குறி (*). என்ன பெயரானாலும் எடுத்து, உள்ளே தன் பெயர் இருக்கிறதா என்று அது பார்க்கும். ஓடவிட்டதும் திரை நிறைய அவள் பெயர் ஏறிக்கொண்டே போனது.

"எல்லாத்துலயும் நீங்கதான் இருக்கீங்க, அக்கா" என்றாள் புதிதாகச் சேர்ந்த சாலோமி.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "அங்கன சாலோமி பேரப் போட்டுரு. அவ எங்க போவப் போறா?"

சாலோமி தலையைக் குனிந்துகொண்டாள். விஜயஸ்ரீ எல்லாவற்றையும் மாற்றி முடித்து, தன் லாகினைப் பூட்டினாள். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. அம்பை கிளை மட்டும் நின்றுவிட்டது.

"பாத்தியா? இன்னும் ஒரு மாசம் இரு" என்றார். அவர் குரலில் சந்தோஷம் தெரிந்தது.

திரையையே பார்த்தபடி இருந்த விஜயஸ்ரீக்குச் சட்டென்று பொறி தட்டியது. புள்ளியில் தொடங்கும் பெயரை வெறும் ஸ்டார் பிடிக்காது! முன்னால் ஒரு புள்ளி சேர்த்து மறுபடி ஓடவிட்டாள். அம்பை ஃபைல் ஒன்று அகப்பட்டது. அதையும் மாற்றினாள். அம்பையில் பில் அடித்தது.

"சாலோமி பேருதான போட்டிருக்க?"

"இல்ல அண்ணாச்சி. 'ஆபீஸ்'னு பொதுவா ஒரு லாகின் போட்டிருக்கேன். யாரு பேரும் இல்ல."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விஜயஸ்ரீ பையை எடுத்தாள். பஸ் ஸ்டாப் வரை, யாராவது பின்னாலிருந்து கூப்பிடுவார்கள் என்று பயந்துகொண்டேதான் நடந்தாள்.